எங்கள் ஊருக்கு அமைதி தேடி வருகிறவர்

பயணிகளில் பல வகை உண்டு. கோயில் பார்க்க வருகிறவர், வெந்நீர் ஊற்றில் குளிக்க வருகிறவர், ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்காக மூன்று மலை தாண்டி வருகிறவர், மாமியாரிடமிருந்து நாலு நாள் தப்பிக்க வருகிறவர், இவர்களையெல்லாம் எங்களால் சமாளிக்க முடியும். இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது இந்தக் கணக்கில் சேராத ஓர் அபூர்வ இனத்தைப் பற்றி. அதன் பெயர் அமைதி விரும்பி. அபூர்வம் என்றா சொன்னேன்? வாரத்துக்கு ஒருவர் வந்து இறங்குகிறார்.

குவானோசே ரயில் நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன் நான். நாளொன்றுக்கு ஐந்து ரயில், ஒவ்வொன்றுக்கும் ஒரே பெட்டி. என் கடையில் வாடிக்கையாளர் குறைவு, ஜன்னல் பெரிது. ஆகவே இந்த இனத்தை என் அளவுக்கு ஆராய்ந்தவர் ஜப்பானில் வேறு யாரும் இருக்க முடியாது என்று தைரியமாகச் சொல்வேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் ரயிலிலிருந்து இறங்கியதும் வழியைத் தேடுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொள்வார். மூக்கு வழியாக ஒரு பெருமூச்சை இழுத்து, நிறுத்தி, "ஆஹா" என்று விடுவார். அந்த ஆஹாவில் நிலையத்துக் கூரையிலிருக்கும் புறாக்கள் மொத்தமும் பறந்துவிடும். பிறகு சக்கரம் வைத்த பெட்டியைக் கடகடவென்று கல் பாவிய தெரு முழுக்க இழுத்துக்கொண்டு வந்து, என் கடை வாசலில் நின்று, நோயாளி அறையில் பேசுவதுபோல மெல்லிய குரலில், "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லீங்களே" என்பார். சொல்லும்போது கண் கலங்கியிருக்கும். பாராட்டுகிறாராம்.

ஒன்றுமே இல்லையா? எங்களுக்குத் தபால் நிலையம் இருக்கிறது. பதினான்கு வருஷம் மனுக் கொடுத்து வாங்கிய போக்குவரத்து விளக்கு இருக்கிறது. உட்காரும் பலகை சூடாகிற பொதுக் கழிப்பறை இருக்கிறது, மேயரே வந்து நாடா வெட்டினார். இவர் அவற்றின் பக்கம் திரும்பியாவது பார்ப்பாரா? தபால் நிலையத்துக்குப் பின்னால் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் சைக்கிளை முப்பது படம் எடுப்பார். தபால் அதிகாரி அந்தச் சைக்கிளைத் தூக்கிப் போட வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் துடிக்கிறார். முடியவில்லை. பார்க்க ஆள் வருகிறது.

அடுத்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வெளியே வரும். அதில் என்ன எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எழுதியதும் எனக்குப் படித்துக் காட்டுவார். "காலம் இங்கே நின்றுவிட்டது." கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது அது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இத்தனைக்கும் இந்த மலையில் எங்கள் ஊரைப்போல இரைச்சலான ஊர் வேறு கிடையாது. அதிகாலை நாலு மணிக்கு டோஃபு செய்கிற இவாசேயின் அரவை இயந்திரம் ஊரை எழுப்பும். ஏழு மணிக்கு அவரே தள்ளுவண்டியோடு பித்தளை ஊதலை ஊதிக்கொண்டு தெருத் தெருவாக வருவார். காளான் பறிக்கப் போகிறவர்கள் கரடி ஒதுங்கிப் போகட்டும் என்று இடுப்பில் கட்டிய மணிகளைக் குலுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். மாலை ஐந்துக்குக் கம்பங்களில் கட்டிய ஊராட்சி ஒலிபெருக்கி பாட்டுப் போட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும். போதாக்குறைக்கு அக்டோபர் பிறந்தால் முரசுப் பயிற்சி வேறு. பிறகு வருகிறவருக்கு அமைதி எங்கிருந்து கிடைக்கிறது?

நாங்கள் கொடுக்கிறோம். அதுதான் எங்கள் வியாதி. விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்பதை அவர் கேட்பதற்கு முன்னால் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், கொடுத்தது அவருக்குத் தெரியாமல் கொடுக்கவும் வேண்டும். கேட்டபிறகு கொடுத்தால் ஊருக்கே கௌரவக் குறைச்சல்.

போன வருஷம் நெகிஷி வந்தபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது. டோக்கியோவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, ஐம்பது வயது, வட்டக் கண்ணாடி. மூன்று அறை விடுதி நடத்தும் யாசுயோவிடம் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. முதல் நாள் சோறு பரிமாறும்போது, ஊர் எப்படி இருக்கிறது என்று யாசுயோ கேட்டிருக்கிறாள். "அமைதி. இதுக்காகத்தான் வந்தேன்" என்று அவர் மெல்லச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். யாசுயோ அடுக்களைக்குப் போய் இவாசேக்குப் போன் போட்டாள். அன்றைய முரசுப் பயிற்சி நின்றது.

முரசுப் பயிற்சி என்றால் சாதாரண விஷயமில்லை. அக்டோபர் இரண்டாவது ஞாயிறு எங்களுக்கும், அடுத்த நிறுத்தமான கமியோரி ஊருக்கும் எல்லைக் கோயிலில் போட்டி. இரண்டு ஊரும் எதிரெதிரே நின்று முழக்க வேண்டும். யாருடைய தாளம் முதலில் உடைகிறதோ அவர்கள் தோற்றவர்கள். தோற்ற ஊர், ஜெயித்த ஊரின் பெரிய முரசைத் தோளில் தூக்கி இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். பதினோரு வருஷமாக நாங்கள்தான் ஏறிக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவுக்குத் தலைவர் இவாசே. பதினோரு வருஷமும் முன்வரிசையில் தோள் கொடுத்தவர். இந்த முறையும் தோற்றால் முரசுக் குச்சியைக் கோயிலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன், பிறகு தொடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

இரண்டு நாள்தானே என்று ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது. ஊராட்சிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்தார். ஐந்து மணிப் பாட்டு வராததால் பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. தாய்மார்கள் அவர்களைத் தெருத் தெருவாகக் கிசுகிசுத்துக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தார்கள். காளான்காரர்கள் மணிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டார்கள். இவாசே ஊதலைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது எட்டிப் பார்க்கும்வரை குனிந்து வணங்கியபடி நின்றார். பாதி டோஃபு மீந்துபோய் ஊர் நாய்களெல்லாம் பருத்தன.

பயிற்சியை என் கடைக்கு மாற்றினோம். எட்டுப் பேர், எட்டு மெத்தை. மெத்தையில் அடித்தால் தாளம் எங்கே கேட்கும்? ஆனாலும் இவாசே விடவில்லை.

"நீங்க முந்திட்டீங்க" என்று என்னைப் பார்த்து முறைத்தார்.

"சத்தமே இல்லையே, எப்படிச் சொல்றீங்க?"

"உங்க தூசி முதல்ல எழும்பிச்சு."

தும்மல் வந்தால்கூட வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு தும்மினோம். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நீங்கள் செய்யாததா?

மூன்றாம் நாள் காலை நெகிஷி கிளம்ப வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவரிடம் யாசுயோ வழக்கப்படி, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்றாள். இது எங்கள் ஊரில் வாசல்படியில் சொல்கிற வார்த்தை. அவர் "இல்லை, ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன்" என்று சொல்லவேண்டியது முறை. அவர் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஐந்தாவது நாளும் அதே கதை. போட்டிக்கு இரண்டே நாள் இருக்கையில் இவாசே விடுதியின் பின்வாசலுக்கு வந்தார். நானும் கூட இருந்தேன்.

"யாசுயோ சான், ஞாயித்துக்கிழமை போட்டி இருக்குன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார்.

"சொன்னா, தன்னாலதான் பயிற்சி நின்னுதுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். மனசு கஷ்டப்படும்."

"என் மனசு கஷ்டப்படலையா?"

"நீங்க விருந்தாளி இல்லையே, இவாசே சான்."

இவாசே ஊதலை வெளியே எடுத்து, ஏக்கத்தோடு பார்த்து, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு போனார். யாசுயோவும் இரண்டாம் முரசு அடிக்கிறவள்தான். அன்று அடுக்களையில் வெங்காயத்தாளை அவள் நறுக்கிய தாளத்தில் பலகை இரண்டாகப் பிளந்தது.

சனிக்கிழமை மதியம் கரடி வந்தது.

வராமல் என்ன செய்யும்? ஆறு நாளாக மணி இல்லை, ஊதல் இல்லை, பாட்டு இல்லை. ஊரைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எந்த அறிவுள்ள கரடியும் முடிவுசெய்யும். விடுதி முற்றத்துச் சீமைப்பனிச்சை மரத்தில் பழம் நன்றாகச் சிவந்திருந்தது. கரடி மரத்தின் நடுக்கிளையில் வசதியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி, தாழ்வாரத்தில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு நெகிஷி.

தேநீர்த் தட்டோடு வந்த யாசுயோ பார்த்தாள். அலறினாளா? விருந்தாளி இருக்கும்போதா? மண்டியிட்டு, தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்து, நெற்றி தரையில் படுகிற மாதிரிக் குனிந்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். மரத்துல கரடி இருக்கு. உங்களுக்குச் சௌகரியப்படும்போது உள்ள வந்துட்டீங்கன்னா நல்லது."

நெகிஷியும் குனிந்து, அதே குரலில் சொன்னார்: "இருபது நிமிஷமா இருக்குங்க. உங்க வீட்டுக் கரடியோ என்னவோ, நான் ஏதாவது சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு பேசாம இருந்தேன்."

இந்தப் பேச்சு இன்னும் எத்தனை நேரம் நீண்டிருக்குமோ, நல்லவேளை, வேலிக்கு அப்பால் வணங்கிக்கொண்டு நின்ற இவாசே நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். டோஃபு வண்டியைக் கவிழ்த்துவிட்டுக் கோயில் கொட்டகைக்கு ஓடினார். பெரிய முரசை அதே வண்டியில் ஏற்றி நாங்கள் தள்ளிக்கொண்டு வந்தோம். முதல் அடியை அவர் அடித்தார். ஆறு நாள் அடக்கிவைத்த அடி அது. கரடி கிளையோடும் அரை மரத்துப் பழங்களோடும் தரைக்கு வந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் மலைக்குப் போனது.

ஆபத்து நீங்கியது. நிறுத்தியிருக்க வேண்டும். ஒருவரும் நிறுத்தவில்லை. நான் அடித்தேன், யாசுயோ வெறுங்காலோடு முற்றத்தில் குதித்து அடித்தாள், ஊராட்சிக்காரர் ஐந்து மணிப் பாட்டை இரண்டு மணிக்கே போட்டார், காளான்காரர்கள் துண்டை உதறி மணிகளைக் குலுக்கினார்கள், யாரோ இவாசேயின் பையிலிருந்து ஊதலை எடுத்து ஊதினார்கள். அப்படியொரு சந்தோஷத்தை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

முழுதாக ஒரு மணி நேரம் கழிந்தபிறகுதான் விருந்தாளி ஞாபகம் வந்தது. கைகள் அந்தரத்தில் நின்றன. நெகிஷி தாழ்வாரத்தில் எழுந்து நின்றிருந்தார், கண்ணில் தண்ணீர். யாசுயோ புழுதியிலேயே விழுந்து மன்னிப்புக் கேட்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் நெகிஷி. அப்போதுதான் அவருடைய உண்மையான குரலை முதல்முறையாகக் கேட்டோம். "என் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்துலங்க. சத்தமில்லாம எனக்குத் தூக்கம் வராது. ஆறு நாளா ஒரு பொட்டுக்கூடத் தூங்கல. ரெண்டாவது நாளே ஓடிப்போயிடணும்னு இருந்தேன். இவ்வளவு அன்பா இருக்கச் சொல்றவங்ககிட்ட, போறேன்னு எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டு, முரசுக்குப் பக்கத்திலேயே தலையணை போட்டுப் படுத்தார். பொழுது சாயும்வரை நாங்கள் அடித்துத் தீர்த்தோம். அவர் ஞாயிற்றுக்கிழமை காலைதான் எழுந்தார்.

ஒரே ஒரு பிற்பகல் பயிற்சியோடு எல்லைக் கோயிலுக்குப் போனோம். இவாசே குச்சியை வைத்துவிட்டு வர ஒரு வெள்ளைத் துணியையே மடித்து எடுத்து வந்திருந்தார். முழக்கம் தொடங்கியது. நாலாவது நிமிஷத்தில் தாளம் உடைந்தது. எங்களுடையது இல்லை. கமியோரிக்காரர்களே நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு படியும் இவாசே கையை வீசிக்கொண்டு முன்னால் ஏறினார், அந்த வெள்ளைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. நானும் அழுதேன், மறைப்பானேன்? எங்கள் முரசைச் சுமந்து மூச்சிரைத்த கமியோரித் தலைவரிடம், என்ன ஆயிற்று என்று பாதிப் படியில் கேட்டேன்.

"எங்க ஊருக்கு அமைதி தேடி ரெண்டு பேர் வந்துட்டாங்க" என்றார். "பத்து நாள் தங்கிட்டாங்க."

அந்த வாரமே ஊர்க் கூட்டம் போட்டோம். குவானோசே வரலாற்றில் முதல்முறையாக ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். நல்லது. சோதித்துப் பார்ப்பதும் சுலபம், வருகிற அக்டோபரில் எங்கள் ஊருக்கு வாருங்கள். நீங்கள் ரயிலைவிட்டு இறங்கும் விதத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணை மூடாமல், ஆஹா சொல்லாமல் என் கடைக்குள் வந்தால் முடி வெட்டிவிடுகிறேன், முரசும் கேட்கலாம். ஆனால் நான் எழுந்து வந்து, உங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு, மிக மெல்லிய குரலில், "இங்க கொஞ்சம் இரைச்சலுங்க. அடுத்த நிறுத்தம் கமியோரி, அங்க இதைவிட அமைதியா இருக்கும், பத்து நாள் தாராளமா தங்கலாம்" என்று சொன்னால், உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை நீங்கள் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். அடுத்த ரயிலில் நானே ஏற்றிவிடுவேன். ரயில் வளைவைத் தாண்டி மறையும்வரை குனிந்து நிற்பேன். மறைந்ததும் குச்சியை எடுப்பேன்.