"ரூட் பர்மிஷன் இல்லீங்ணா!"

இன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு பேக்கப் எடுக்கணும்.

நாமக்கல்ல ஒரு லாரி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஆபரேட்டரா இருக்கறேனுங்க. எல்லா லாரியோட ஆர்.சி, இன்சூரன்ஸ் ஸ்கேனும் இந்த ஒரே மெஷின்லதான். அது ரெண்டு நாளா கரகரங்குது.

இன்னைக்குன்னு பாத்து முதலாளிகிட்ட நல்ல பேரு வாங்கியே ஆகணும். மேச்சேரி மாப்ள ஊட்டுக்காரங்க என்னப் பத்தி அவருகிட்ட போன்ல விசாரிக்கப் போறாங்களாம். போட்டோ பாத்தேன். எனக்குப் புடிச்சுப் போச்சு. இதுல என்ன வெக்கம், சொல்லிட்டேன்!

பேக்கப்ப ஓட்டுனேன். 'லாக் ஃபைல்ல எழுத பர்மிஷன் இல்லை'ன்னு ஒரு வரி வந்துச்சு. அவ்வளவுதான், நின்னுருச்சு.

லாக் ஃபைல்னா, பேக்கப் என்னென்ன பண்ணுச்சுன்னு அதுவே எழுதி வெக்கற நோட்டு. அந்த நோட்டத் தொட ரூட் பாஸ்வேர்டு வேணும். ரூட்டுன்னா கம்ப்யூட்டருக்குள்ள முதலாளி மாதிரி. அந்தப் பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆளு நம்ம முதலாளியோட மச்சான். அவரு போனு காலையில இருந்து சுவிட்ச் ஆஃப்.

சரின்னு முதலாளிக்கே போன் போட்டேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"அண்ணா, ரூட் பர்மிஷன் இல்லீங்ணா. நின்னுருச்சுங்க."

"என்ன அம்மிணி சொல்ற! எங்க நின்னுச்சு?"

"ஆரம்பத்துலயேங்க. உங்க மச்சான் வந்தாத்தான் நகரும்."

"அவனுக்கு இதே பொழப்பு! இப்ப என்ன பண்றது?"

"நீங்க கவலப்படாதீங்ணா. ரூட் இல்லாமயே சுத்துவழியில ஓட்டிப்போடறேன். ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு இது பழக்கந்தானுங்க."

சொல்லிட்டு கெத்தாப் போன வெச்சேன். மனுசன் அசந்துட்டாருன்னு நெனச்சேன். என் அறிவே அறிவு!

சுத்துவழி சுலபந்தான். லாக் நோட்டப் பூட்டுன ஃபோல்டர்ல எழுதாத, என் ஃபோல்டர்ல எழுதுன்னு செட்டிங்ல ஒரு வரி மாத்துனேன். பேக்கப் ஜம்முனு ஓடுச்சு.

பத்து நிமிசத்துல, காலையில லோடு ஏத்திட்டுப் போன எங்க முட்டை லாரி டிரைவரண்ணன் கூப்பிட்டாரு. "ஏம்மா, வண்டிய அப்படியே ஓரங்கட்டுன்னு கத்தறாரு முதலாளி. பர்மிட் இல்லியாமா? இந்தா, என் கையிலதான இருக்குது!"



அடுத்து முதலாளியே பைக்ல வந்து எறங்குனாரு. "பர்மிட் இல்லாத வண்டிய எந்த வழில உட்டிருக்கற?"

"ஐயோ அண்ணா, நான் கம்ப்யூட்டரச் சொன்னேனுங்க! அந்த ரூட் வேற, லாரி ரூட் வேறங்க!"

அப்படியே சேர்ல உக்காந்துட்டாரு. "அட சாமி... நீ போன வெச்ச கையோட மேச்சேரிக்காரரு கூப்பிட்டாரே!"

"என்னங்ணா சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். புள்ள கெட்டிக்காரி, பர்மிட் இல்லாத லாரியக்கூட கமுக்கமா ஓட்டிப்போடும்னு."

"திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லுங்ணா!"

அவரு நம்பரத் தேடறதுக்குள்ள அம்மா போன் வந்துருச்சு. "ஏஞ்சாமி, நீ திருட்டு லாரி ஓட்டறயாமா? அவுங்க வேண்டாம்னுட்டாங்க."

பேக்கப் முடிஞ்சிருந்துச்சு. லாக் ஃபைலத் தொறந்தேன். கடைசி வரி: 'தவறு ஏதும் நடக்கவில்லை.'