ஏரிக்கரையில் நட்ட படகுக் கல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று முப்பது வருஷத்துக்கு மேல் தயங்கிவிட்டேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவதா என்ற கூச்சம் பாதி. அண்ணாமலையார் என்ன நினைப்பாரோ என்ற பயம் மீதி. (ஏற்கெனவே நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். என் மூட்டு வலியே சாட்சி.)

எண்பதுகளின் ஆரம்பம். அடி அண்ணாமலையில் ஏரியை ஒட்டி, மலை சுற்றும் பாதைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டால் எலிக்குத்தான் ஆகும். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த தாமஸ் என்ற வெள்ளைக்காரப் பெரியவர், அதில் வீடு கட்டினால் வாடகைக்கு வருகிறேன் என்றார். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா காலத்துக் கடற்கரை வீட்டின் போட்டோ ஒன்றை நீட்டி, அதே போல வேண்டும் என்றார். வீட்டு முன்னால் படகுத் துறையும் வேண்டும். கண்ணை மூடுவதற்குள் அப்படி ஒரு துறையில் தன் கையால் ஒரு படகைக் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்துவிட வேண்டுமாம். அண்ணாமலையார் மேல் சத்தியம் செய்து ஒப்புக்கொண்டேன். வருஷத்தில் எட்டு மாதம் மாடு மேய்கிற ஏரியில் படகு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த வீடு இருக்கிறதே! இரண்டு முழக் கனத்தில் கல் சுவர். கீழே வலையும் துடுப்பும் வைக்க அகலக் கதவு போட்ட கொட்டடி, வெளிப்பக்கமாக ஏறும் கல் படி, மேலே குடியிருக்க அறை. அவர் ஊரில் உப்புக்காற்று அடிக்கும் என்பதால் தண்ணீரைப் பார்த்த பக்கம் கையகல ஜன்னல். மழை நிற்காமல் வழிய செங்குத்தான கூரை. நம் ஊர் வெயிலுக்கு அதைக் கட்டி முடிப்பதற்குள் மேஸ்திரி இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போனார்.

"ஏங்க, மாடி கட்டிட்டு வடாம் காயவைக்க எடம் இல்லாம பண்ண ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் என் மனைவி.

வீட்டின் முன்னால் துறை. கருங்கல் அடுக்கி ஒரு சுவர், ஏரிக்குள் இறங்க ஆறு படி, மீன் கொட்டவும் வலை காயவைக்கவும் ஒரு தளம். அதன் ஓரத்தில் படகுக் கயிற்றைக் கட்ட இடுப்பு உயரத்துக்குத் தலை உருண்ட ஒரு கல்.

அந்தக் கல்லை நட்டதோடு வேலை முடிந்தது. தாமஸ் விசா விஷயமாக டெல்லி போயிருந்தார். கடைசிக் கல்லுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். ஒரு பொட்டு போதும் என்றார் மேஸ்திரி. நான் கேட்டால்தானே? கல் முழுக்க விபூதி பூசி, மூன்று பட்டை இழுத்து, சாமந்தி மாலையும் போட்டேன். (எனக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி.) மறுநாள் பௌர்ணமி.

விடிந்து போய்ப் பார்த்தால் கல்லைச் சுற்றி இருபது பேர். எட்டு லிங்கம் இருக்கிற பாதையில், தலை உருண்ட கல்லில் பட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவன் இந்த ஜில்லாவில் பிறந்திருக்க முடியாது. இது படகு கட்டுகிற கல் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா ஏரியை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"படகா? தண்ணி எங்கப்பா?"

எல்லோரும் விழுந்து கும்பிடும்போது நான் மட்டும் நிற்பது எப்படி? நானும் விழுந்தேன். அடுத்த பௌர்ணமிக்குக் கல்லுக்கு வேட்டி வந்தது. பிறகு விளக்கு வந்தது. பிடுங்கிவிடலாம் என்று கடப்பாரையோடு ஒரு நாள் போனேன். கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. அந்தப் பௌர்ணமி காலையில்தான் தாமஸ் டெல்லியிலிருந்து திரும்பினார். நடந்தது எதுவும் தெரியாமல், வழியில் சாத்தனூரில் வாங்கிய பரிசலோடு வேனில் நேராகத் துறைக்கே வந்து இறங்கினார். ஆசையாகக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கல்லின் மேல் மாட்டினார்.

"சாமி கழுத்துல கயிறு போடறான்" என்று யாரோ சொன்னதும் நாலு பேர் அவர் மேல் பாய வந்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன்.

"அது சாமி இல்லிங்க. படகு கட்டற கல்லு. நான்தான் பட்டை போட்டேன்."

கீழ்பென்னாத்தூர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப மூணு மாசமா நீ எத வுழுந்து கும்புட்ட?"



தாமஸ் கயிற்றைக் கழற்றிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. "எங்கே கட்ட?" என்று மட்டும் கேட்டார். சத்தியம் செய்தவன் நான். ஐந்தாவது படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, கயிற்றை வாங்கி என் இடுப்பில் வைத்தேன்.

"இங்க கட்டுங்க."

கட்டினார். நிதானமாக, கடற்காரன் முடிச்சு. பிறகு பரிசலில் ஏறி உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். உச்சி வெயில் வரை பரிசல் சுற்றியது, கூடவே நானும் ஆடினேன். கல்லுக்கு விபூதி பூசிய ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று என் நெற்றியிலும் பூசிவிட்டுப் போனார்.

தாமஸ் அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தார். ஏரி நிரம்பும்போதெல்லாம் என்னைத்தான் கட்டினார். இன்றும் என் வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கு ஒரு முனை கட்ட இடமில்லையென்றால், "அப்பாவ நிக்க வையி" என்கிறார்கள். பேரன் கன்றுக்குட்டியோடு நேராக என்னிடம் வருகிறான்.

அந்தக் கல் ஏரியிலிருந்து தானாக முளைத்தது, வெள்ளைக்காரர் கனவில் வந்தது என்றெல்லாம் இப்போது பேச்சு அடிபடுகிறது. அதனால்தான் எழுதிவிட்டேன். மேஸ்திரி இரண்டு நாளில் கொத்திய கல் அது. முதல் விபூதி என்னுடையது. நானும் இன்னும் கும்பிடுகிறேன், அது வேறு விஷயம். யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். நான் தண்ணீரில் நின்றதை விட்டுவிடலாமே என்று எனக்காக இரக்கப்பட வேண்டாம். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.