அம்மா மூக்கு யாருக்கு

விழுப்புரம்,
ஆனி 27

திண்டிவனத்தில் இருக்கும் என் கூடப்பிறந்த தங்கை வீரம்மாளுக்கு, உன் அக்கா அஞ்சம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் தின்றது செரித்து, படுத்தால் தூக்கம் வந்து, குறையில்லாமல் இருக்கிறோம். உன் முட்டிவலியும் உன் வீட்டுக்காரர் இருமலும் எப்படி இருக்கின்றன என்று ஆறு வருஷமாகக் கேட்காமல் விட்டதை எல்லாம் சேர்த்து இந்த ஒரு வரியில் கேட்டுவிட்டேன். போன் பண்ணினால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் எப்படியும் படிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். முடிவில் உன்னிடம் ஒன்று கேட்பேன். எனக்காக இல்லை, செத்துப்போன நம் அம்மாவுக்காக. அதனால் பாதியில் கிழிக்காதே.

முதலில் நல்ல சேதிகள். பெரிய பேரன் பிரவீன்குமாருக்கு ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. கழுத்தில் ஒரு அட்டை மாட்டிக்கொண்டு போகிறான், அதைக் காட்டினால்தான் அங்கே கதவே திறக்குமாம். சின்னவன் அறிவுச்செல்வன் மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்த பையன் இவனைவிட ஒரு முழம் உயரம், ஆகவே இதையும் முதல் பரிசாகவே நாங்கள் கணக்கில் வைத்திருக்கிறோம். உன் பேரன் கோபி பன்னிரண்டாவது பாஸ் பண்ணியதாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். எத்தனை மார்க் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இவர்களுக்கெல்லாம் மேலே என் பேத்தி இசைவாணி. காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பு இரண்டாவது வருஷம். அவள் எழுதிய குறிப்பேட்டுக்கு முதல் பரிசு கொடுத்து, போன மாதம் மேடையில் சால்வை போர்த்தினார்கள். அந்தக் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் நான்தான் இருக்கிறேன், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். அவர்கள் வகுப்பு ஜெசிந்தா மேடம் வாரம் ஒரு புதுப்பொருளை, இல்லாவிட்டால் செல்போனுக்குள் ஒரு புது மென்பொருளைக் கொடுத்தனுப்புவார். பிள்ளைகள் அதை வீட்டில் வைத்து உபயோகித்து, அன்றன்றைக்கு மனதில் பட்டதை எழுத வேண்டும். வீட்டு ஆட்கள் பெயரை எழுதக்கூடாதாம், அதனால் எனக்கு அதில் பயனர் ஒன்று என்று பெயர். பயனர் இரண்டு கிடையாது. என் மருமகளைக் கேட்டதற்கு, "ஒங்க ஆயாதான் சும்மா கீறாங்க, அவங்களக் கேளு" என்றுவிட்டாள்.

முதல் வாரம் நடக்கிற அடியை எண்ணும் கைக்கடிகாரம். அதை என் கையில் கட்டிவிட்டு இவள் காலேஜ் போய்விட்டாள். நான் காலையிலிருந்து உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் பதினோராயிரம் அடி. இசைவாணி எழுதினாள்: 'பயனர் ஒன்று இருந்த இடத்திலிருந்தே எட்டு கிலோமீட்டர் நடந்துள்ளார். கடிகாரம் அவரைப் பாராட்டியது.' நிஜம்தான் வீரம்மா, அதன் திரையில் பட்டாசு வெடித்தது. நாற்பது வருஷம் நாற்று நட்டேன், களை பிடுங்கினேன், ஒருத்தர் ஒரு ஊசிப்பட்டாசு வெடித்ததில்லை. அடுத்த வாரம் காதில் செருகுகிற, மொச்சைக்கொட்டை அளவு ஸ்பீக்கர். அதற்கு அவள் எழுதியது: 'வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி மிகச் சிறப்பு. பயனர் ஒன்று என்னிடம் அரை மணி நேரம் பேசியதாக அம்மா பிறகு சொன்னார்.' அதை எனக்கே படித்துக் காட்டினாள் என்றால் அவள் தைரியத்தைப் பார்.

மூன்றாவது வாரம் கேட்டால் பதில் சொல்கிற டப்பா. நான் அதனிடம், "மழ வருமா, துணிய எடுத்துடட்டா" என்று கேட்டேன். 'மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை' என்றது. மறுபடி கேட்டேன், மறுபடி மன்னிப்புக் கேட்டது. துணி நனைந்துவிட்டது, ஆனால் எனக்குக் கோபமே வரவில்லை. தன் பேரில்தான் தப்பு என்று வாய்விட்டுச் சொல்கிற ஒன்று நம் குடும்பத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. யாரையும் மனசில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. நான்காவது வாரம் முகத்தைப் பார்த்துத் திறக்கிற செல்போன். பல்செட்டை மாட்டியிருந்தால் திறக்கிறது, கழற்றினால் நான் யாரோ என்கிறது. அதிலிருந்து முகத்தைப் பற்றிப் பேச்சு வந்து, பேச்சு அம்மாவிடம் போய் நின்றது.

அம்மா ஒரு போட்டோ எடுக்காமலே போய்ச்சேர்ந்தாள். அப்பாவுக்காவது ஓட்டு அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிசாக்கி மாட்டினோம். அவர் பக்கத்தில் அம்மாவுக்கென்று அடித்த ஆணி ஆணியாகவே நிற்கிறது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் படையல் போட்டு அந்த ஆணிக்குத்தான் பூச்சரம் வைத்துக் கும்பிடுகிறேன். புதிதாக வீட்டுக்கு வருகிற மருமகப்பிள்ளைகள் ஆணியைப் பார்த்துக் கும்பிடுவார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்டால் நான் என் முகத்தைத்தான் காட்டுவேன். அதற்குத்தானே உன் பேத்தி புனிதாவின் மஞ்சள் நீராட்டு விழாவில், பந்தி நடுவில் நீ எழுந்து சொன்னாய்: "எங்கம்மா மூஞ்சி, மூக்கு எல்லாம் எனக்குத்தான் வந்துகீது. அக்காவுக்கு அப்பா ஜாட. மீசதான் இல்ல." சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நான் பாயசத்துக்கு நிற்காமல் பஸ் ஏறினேன். அன்று நின்ற பேச்சுதான்.

ஐந்தாவது வாரம் படம் போட்டுத் தருகிற மென்பொருள் வந்தது. இசைவாணி என் போட்டோவை எடுத்துவைத்துக்கொண்டு, "ஆயா, ஒங்க அம்மா முப்பத்தஞ்சு வயசுல எப்டி இருந்துருப்பாங்கன்னு கேட்டா இது போட்டுத் தரும்" என்றாள்.

"அது எங்கம்மாவ எங்க பாத்துது? யாரக் கேட்டுப் போடும்?"

"ஒன் மூஞ்சியக் கேட்டுத்தான்."

என் முகத்தைக் கேட்டுச் செய்கிற காரியத்தில் எனக்கு என்ன ஆட்சேபம், சரி என்றேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டாள் ஒரு அம்மா. சுண்ணாம்பு அடித்த மாதிரி நிறம், பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, முதுகுக்குப் பின்னால் கடல் அலை. அம்மா பொம்மையார்பாளையத்தில் மீன் வாங்கும்போது கடலைப் பார்த்ததோடு சரி. "யார்டி இது, எங்கம்மாவக் கேட்டா நெலத்துக்காரம்மாவப் போட்டுத் தருது" என்றேன். கடல் அலையை எடுத்தோம், பட்டுப்புடவையை அவிழ்த்து நூல்புடவை கட்டினோம், நகையை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இடது புருவத்தில் அரிவாள் பட்ட தழும்பை நானே விரலை வைத்து இடம் காட்டினேன். நிறம் மட்டும் வரவே இல்லை. கறுப்பாக்கு, கறுப்பாக்கு என்று இவள் சொல்லச் சொல்ல அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. "பயப்புடுது ஆயா" என்றாள். "எதுக்குப் பயப்புடுது, கறுப்பா இருந்தா கடிச்சிடுமா, நல்லா அடிச்சி சொல்லு" என்றேன். அன்றைக்கு அவள் எழுதியது: 'பயனர் ஒன்றின் தாயாருடைய நிறத்தை மென்பொருளுக்குப் புரியவைக்க ஏழு முறை சொல்ல வேண்டியிருந்தது. நகையை அது கேட்காமலே போட்டது, கழற்றச் சொன்னால் தயங்கியது.'

ஜெசிந்தா மேடம் விழாவில் வாசித்தது இந்த இரண்டு வரியைத்தான். அத்தனை பெரிய கூடமும் கை தட்டியது. அப்புறம் பயனர் ஒன்று மேடைக்கு வரவும் என்றார். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டு மாடு பிடித்துக்கொண்டு போனவள் காலேஜ் மேடை ஏறினேன் வீரம்மா. மைக்கை நீட்டி, இந்தப் பொருள்கள் எல்லாம் எப்படி ஆயா இருக்கின்றன என்று கேட்டார். நான் பயப்படவில்லை. "நல்லாதான் கீது மேடம். ஏழாவது தடவ சொன்னா கேக்குது. எம் புள்ளைங்க பத்தாவது தடவ சொல்லியும் கேக்கல" என்றேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டு பெண்கள் என்னோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

படத்தைச் சட்டம் போட்டு ஆணியில் மாட்டியாகிவிட்டது. தெருவே வந்து பார்த்தது. பார்த்தவர்கள் எல்லோரும், "அப்டியே ஒன்ன மாதிரியே கீது" என்றார்கள். அம்மா ஜாடை யாருக்கு என்கிற வழக்கு இத்தோடு தீர்ந்தது. மெஷினுக்கு அக்கா என்றும் தங்கச்சி என்றும் ஓரவஞ்சனை கிடையாது.

ஜெயித்தவள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால் ஒன்று கேட்கிறேன். உன் முகத்தையும் சேர்த்துக் கொடுத்தால் படம் இன்னும் தெளிவாகும் என்று இசைவாணி சொல்கிறாள். பெரிதாக ஒன்றும் இல்லை, அங்கங்கே ஒட்டுப்போடத்தான். முக்கியமாக மூக்கு. கோபி செல்போனில் எடுக்காதே, அது கேட்காமலே மூக்கைச் சிறுத்து முகத்தை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். போன தீபாவளிக்கு அவன் ஸ்டேட்டஸில் வைத்த படத்தில் உன்னை நான் அடையாளம் கண்டுபிடிக்கவே மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோவுக்குப் போய் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று புதிதாக எடு. சிரிக்காதே, சிரித்தால் உனக்கு மூக்கு அகலும். மூக்குத்தியைக் கழற்றாதே, அம்மாவும் அதே பக்கம்தான் போட்டிருந்தாள். மடங்காமல் இருக்க நடுவில் அட்டை வைத்து ஜல்தியாகத் தபாலில் போடு. அமாவாசைக்கு இன்னும் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

உன் வீட்டுக்காரருக்கு என் கும்பிடு. கோபிக்கும் புனிதாவுக்கும் என் பேரைச் சொல்லித் தலையில் கை வை. நீயும் வாதம் பித்தம் அண்டாமல், என் கண் முன்னால் நூறு வயசு வரைக்கும் நன்றாக இரு. போட்டோவை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா
அஞ்சம்மாள் (பயனர் ஒன்று)

பின்குறிப்பு: இசைவாணி இதைப் படித்துவிட்டு, "பாதிதான் எழுதிகீற ஆயா. மீதியையும் எழுது, அப்பதான் ஸ்டாம்பு ஒட்டுவேன்" என்கிறாள். பேஜாரு பிடித்த பெண். சரி, எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வானூரிலிருந்து நம் பெரியசாமி மாமா வந்திருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அம்மாவைச் சிறுவயசிலிருந்து பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருத்தர்தான். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எறும்பைக்கூட எண்ணுகிறார். கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "மச்சான் மீசைய ஏம்மா எடுத்துட்டீங்க? பொடவ வேற கட்டி வுட்டுகீறீங்க" என்றார். நான், "மாமா, நல்லாப் பாருங்க, இது ஒங்க அக்கா" என்றேன். "எங்கக்கா மூக்கு எனக்குத் தெரியாதா? அது திண்டிவனத்துலதான கீது" என்றார். உன் வீட்டு விழாவுக்கு அவர் வரவில்லை, நீ பந்தியில் சொன்னது அவருக்குத் தெரியாது. நீ சொல்லிக்கொடுத்து அனுப்பினாயா என்றுகூட அவரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர் போன பிறகு அப்பா படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளை. கழற்றிப் பீரோ மேலே வைத்துவிட்டேன், ஆணி மறுபடியும் சும்மாதான் நிற்கிறது. அதனால் போட்டோவைத் தபாலில் போட வேண்டாம். மூக்கை நீயே எடுத்துக்கொண்டு வா. அன்றைக்குக் குடிக்காமல் வந்த பாயசத்தை நான் இங்கே வைக்கிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து குடிக்கலாம். அந்த டப்பா என்னிடம் இரண்டு தடவை சொன்ன வார்த்தையை நானும் உன்னிடம் ஒரு தடவை சொன்னதாக வைத்துக்கொள். ஏழு தடவை சொல்ல வைக்காதே.