ஹாரன் மாஸ்டரின் பல் கவசம்

"அது பால் காய்ச்சற பாத்திரம்," என்றாள் மனைவி.

"தெரியும். இப்ப அதுல தண்ணிதானே கொதிக்குது," என்றார் மாஸ்டர்.

"தண்ணியில நீலமா ஏதோ மிதக்குதே?"

"பல் கவசம்."

மனைவி அடுப்பருகே வந்து எட்டிப் பார்த்தாள். குதிரை லாடம் போல வளைந்த நீல ரப்பர்த் துண்டு ஒன்று கொதிநீரில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. அது வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் படித்தாள்.

"முப்பது விநாடி வைக்கணும்னு போட்டிருக்கு. நீங்க போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு."

"முப்பது விநாடியெல்லாம் சும்மா பேருக்குப் போடறது. நல்லா வேகட்டும்."

நன்றாகவே வெந்தது. கரண்டியால் வெளியே எடுத்தபோது லாடம் சுருங்கி, சுருண்டு, சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தது. மாஸ்டர் அதையும் விடாமல் வாயில் வைத்துப் பார்த்தார். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் பாதுகாப்பு கிடைத்தது.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். பத்தொன்பது வருஷ அனுபவம். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே பாடமுறை, பக்கத்தில் உட்கார்ந்து கத்துவது. பயிற்சிப் பள்ளியின் காரில் ஹாரன் கெட்டுப்போய் நாலு மாசமாகியும் யாருக்கும் அது தெரியவில்லை, தேவைப்படவும் இல்லை. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ஹாரன் மாஸ்டர் என்றார்கள். காதில் விழுந்திருந்தால் அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

போன பேட்சில் ஆறு பேர் டெஸ்டுக்குப் போனார்கள். ஆறு பேரும் ஃபெயில். முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார்.

"அடுத்த பேட்சுல ஆறுக்கு நாலு பேராவது தேறணும் மாஸ்டர். இல்லேன்னா நீங்க கவுன்ட்டர்ல உக்காந்து ஃபாரம் நிரப்பிக் குடுங்க. வண்டியை என் மச்சான் பாத்துக்குவான்."

மச்சானுக்கு லைசென்ஸ் கிடைத்தே ஆறு மாசம்தான். அதுவும் வேறு பள்ளியில் சேர்ந்து வாங்கியது. பத்தொன்பது வருஷம் காரில் உட்கார்ந்தவர், 'போட்டோவை இங்க ஒட்டுங்க' என்று விரலால் காட்டும் வேலைக்குப் போவதா? நினைக்க நினைக்க மாஸ்டருக்கு மானம் போனது. பல்லைக் கடித்தார். தாடை விண்விண் என்று வலித்தது.

ஒரு வாரமாகவே அந்த வலி இருந்தது. மாணவர்களின் மடத்தனத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்ததால் வந்த வலி என்று அவரே முடிவு கட்டியிருந்தார். முப்பத்திரண்டும் சொந்தப் பல் என்று ஊரெல்லாம் பெருமையடித்த மனிதர். ஒன்று ஆடினால்கூட ஊர் சிரிக்கும்.

அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகியதைப் பார்த்துக் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டியவர் கண்ணாடியம்மா. பாட்டில் அடி மாதிரி தடித்த கண்ணாடி போட்ட பெண்மணி, வயது ஐம்பத்தைந்து. மூன்று முறை டெஸ்டில் தோற்று, நாலாவது முறையாக மாஸ்டரிடமே சேர்ந்திருப்பவர். அவரிடம் ஒரே ஒரு குறை. மாஸ்டர் கத்தினால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வார். அது பழகிப்போய், கடைசி டெஸ்டில் பக்கத்திலிருந்த அதிகாரி தும்மியதற்கும் காதைப் பொத்தினார். வண்டி நேராகப் போய் அதிகாரியின் ஸ்கூட்டரிலேயே முட்டியது.

"இந்த டாக்டர்கிட்டப் போய்ப் பாருங்க மாஸ்டர். பொறுமையா பாப்பாங்க," என்றார் கண்ணாடியம்மா.

"உங்களால வந்த வலிதானே. நீங்களே டாக்டரையும் காட்டறீங்களா?"

"ஏதோ என்னால முடிஞ்சது."

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். படம் எடுத்தாள், தட்டிப் பார்த்தாள், "ஆ காட்டுங்க" என்றாள். மாஸ்டருக்கு அது இயல்பாகவே வந்தது. அவர் தொழிலைப் பற்றி, மாணவர்களைப் பற்றி, அவர்களைப் பெற்றவர்களைப் பற்றி விலாவாரியாகச் சொல்லி முடிக்கும்வரை டாக்டர் பேசாமல் கேட்டாள்.

"பல்லெல்லாம் தேஞ்சிருச்சா டாக்டர்?"

"தேயாம பாத்துக்கலாம். ஒரு பல் கவசம் போட்டுக்குங்க. வண்டியில இருக்கற நேரம் முழுக்கப் போடணும். ஒண்ணு முக்கியம், போட்டுக்கிட்டு பேசக் கூடாது. பேசினா பலன் இருக்காது. அளவெடுத்து நானே செஞ்சு தர்றேன்."

மாஸ்டருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்.

"பாக்சிங்குக்கா, ஹாக்கிக்கா சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறதுக்கு."

கடைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாக்சிங் ரகத்தை எடுத்துக் கொடுத்தார். அதுதான் பால் பாத்திரத்தில் வெந்து போனது.

மறுநாள் இன்னொன்று வாங்கி வந்தார். இந்த முறை மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, சரியாக முப்பதாவது விநாடியில் எடுத்துக் கொடுத்தாள். வாயில் வைத்துக் கடித்து, இருபது விநாடி அசையாமல் வாயை மூடியிருந்தால் பல்லின் அச்சு பதிந்துவிடும். அவ்வளவுதான் வேலை. எட்டாவது விநாடியில் கைப்பேசி அடித்தது. கூப்பிட்டது முதலாளியின் மச்சான்.

"மாஸ்டர், வண்டிச் சாவி இப்பவே என்கிட்ட ஒண்ணு இருக்கட்டுமா?"

மாஸ்டர் பதில் சொன்னார். கொஞ்சம் விரிவாகவே சொன்னார். சொல்லி முடித்தபோது ரப்பர் கெட்டியாகிவிட்டது. திறந்த வாய்க்கு அச்சாக வார்த்தது போல அமைந்திருந்த அதை மாட்டிக்கொண்டு அன்று முழுக்க மாஸ்டர், எதையோ கேட்டு அதிர்ந்துபோன முகத்தோடு வகுப்பெடுத்தார். மாணவர்கள் தங்கள் ஓட்டத்தில் புதிதாக ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைத்து மேலும் தப்பாக ஓட்டினார்கள்.

வேறு வழியில்லாமல் டாக்டரிடமே போய் உட்கார்ந்தார். அளவெடுக்கும் பசையை வாயில் வைத்ததும் இரண்டு நிமிஷம் பேசக் கூடாது. நர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் தாடையைப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாக அளவு கிடைத்தது. நாலு நாளில் கவசமும் வந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிசாக, பல்லோடு பல்லாக ஒட்டிக்கொண்டது.

"ரொம்ப நல்லா இருக்கு," என்று மனைவியிடம் காட்டினார். "போட்டிருக்கறதே தெரியலை. நல்லா பேசவும் முடியுது."

"பேசக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் பொதுவா சொல்றது."

மறுநாள் காலை வகுப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் தையல்காரர். ஆக்சிலரேட்டரைத் தையல் மெஷின் மிதி என்று நினைத்து விடாமல் மிதிக்கிறவர். வளைவில் வேகம் குறையவில்லை. மாஸ்டர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "கிளட்ச்" என்று ஒரு கத்துக் கத்தினார். கவசம் வாயிலிருந்து புறப்பட்டு முன்கண்ணாடியில் மோதித் திரும்பி, தையல்காரரின் சட்டைக் காலருக்குள் ஈரமாக இறங்கியது.

"ஐயோ, பல்லி," என்று தையல்காரர் இரண்டு காலாலும் மிதித்தார். அதில் ஒரு கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது. மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் கார் செடிக்கடைக்குள் புகுந்து பதினோரு பூந்தொட்டிகளைப் பதம் பார்த்துவிட்டு வந்தது.

முதலாளி கத்தவில்லை. கவுன்ட்டர் நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொன்னார். டெஸ்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

சாயங்காலம் மாஸ்டர் டாக்டரிடம் முறையிட்டார். தாடையில் வலி கூடியிருந்தது.

"போட்டுக்கிட்டே பேச முடிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டாள்.

"தாராளமா."

"அப்ப சரியா அமையல. இன்னும் கொஞ்சம் தடிமனா, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துப் பிடிக்கற மாதிரி செய்யலாம்."

செய்தாள். அதை வாயில் வைத்தால் மூக்கால் மூச்சுவிடலாம், கண்ணால் முறைக்கலாம். வேறொன்றும் முடியாது.

"இப்பப் பேசுங்க பாக்கலாம்."

"ம்ம்."

"இன்னும் சத்தமா?"

"ம்ம்ம்."

"பிரமாதம்," என்றாள் டாக்டர். தன் கைவேலையைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்த டாக்டரை மாஸ்டர் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை வீட்லயும் போடணுமா?"

"வண்டியில மட்டும்தான்."

"எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

அதன்பிறகு காருக்குள் நடந்ததை அநியாயம் என்றுதான் மாஸ்டர் வர்ணித்திருப்பார், வர்ணிக்க வாய் இருந்திருந்தால். தையல்காரர் கியர் மாற்ற மறந்தார். மாஸ்டர் கையை ஆட்டினார். வெளியே யாருக்கோ வணக்கம் சொல்கிறார் போலிருக்கிறது என்று தையல்காரரும் ஜன்னல் வழியே ஒரு வணக்கம் போட்டார். மாஸ்டர் ஒரு அடிக்கோலைக் கொண்டு வந்து, இடதுக்கு ஒரு தட்டு, வலதுக்கு இரண்டு தட்டு என்று வைத்தார். மேட்டில் கோபத்தில் ஐந்து தட்டுத் தட்டினார். ஐந்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தையல்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அடிக்கோல் முறையும் போயிற்று.

"மாஸ்டர் கோவமா இருக்கீங்களா?"

மாஸ்டர் இல்லை என்று தலையாட்டினார். அவர் தலையாட்டி யாரும் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் மாணவர்கள் அவரை எதிர்பார்ப்பதையே விட்டார்கள். "இப்ப கிளட்ச்சை அமுக்கறேன், இப்ப ரெண்டாவது கியர் போடறேன்," என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு ஓட்டினார்கள். கண்ணாடியம்மா ஒருநாள் மெல்ல ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கடைத்தெருவைத் தாண்டினார். மாஸ்டர் தான் ஆண்டுவந்த காரிலேயே ஒரு சாமான் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். அழுகையே வந்தது.

ஒருநாள் பொறுக்காமல் கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஐந்தே நிமிஷம் கத்தினார். அதற்குள் கண்ணாடியம்மா காதைப் பொத்திக்கொண்டு நடைபாதையில் ஏறினார், தாடையும் பழையபடி விண்விண் என்றது. மாஸ்டர் பேசாமல் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். டெஸ்ட் அன்றைக்கு இந்த ஆறு பேரும் சேர்ந்து தன்னைக் கவுன்ட்டரில் உட்கார வைக்கப்போகிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

டெஸ்ட் நாள் வந்தது. மைதானத்தில் கயிறு கட்டி, மாஸ்டர்கள் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். வழக்கமாக நம்ம மாஸ்டர் அங்கிருந்தும் கத்துவார். இன்றைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று முதலாளி பக்கத்திலேயே நின்று, "கவசத்தை மாட்டிக்குங்க" என்றார். முதலாளிக்குக் கொஞ்சம் தள்ளி, கையில் சாவி வளையத்தைச் சுற்றிக்கொண்டு மச்சான்.

முதலில் தையல்காரர். தைத்த மாதிரி கோட்டின் மேலேயே ஓட்டித் தேறினார். அடுத்த இரண்டு பேரும் தேறினார்கள். மாஸ்டர் தன் கண்ணையே நம்பவில்லை. நாலாமவர் மேட்டில் வண்டியை அணைத்துவிட்டார். ஐந்தாமவர் கைப்பிரேக்கை எடுக்காமலே ஒரு சுற்று வந்தார். இரண்டு பேரும் அவுட்.

மூன்று தேறியாயிற்று, இன்னும் ஒன்று வேண்டும். மீதியிருந்தது கண்ணாடியம்மா.

மச்சான் சாவி வளையத்தை இன்னும் வேகமாகச் சுற்றினான். நாற்காலி, ஃபாரம், பசை டப்பா எல்லாம் மாஸ்டரின் கண்முன்னே வந்து நின்றன. கண்ணாடியம்மா மேட்டில் நிறுத்தி எடுத்தார். திரும்பினார். பின்னாலே எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே விட வேண்டும், அதுதான் பாக்கி. பாதி தூரம் வந்தபோது பக்கத்திலிருந்த அதிகாரி முகத்தைச் சுளித்து, மேலே பார்த்து, மைதானமே அதிரும்படி ஒரு தும்மல் தும்மினார்.

மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திறந்தபோது கண்ணாடியம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. வண்டி கம்பங்களுக்கு நடுவே அழகாக நின்றிருந்தது. அவர் அதிகாரிக்குக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி மாஸ்டரைக் கட்டிக்கொண்டார். "பேசாமலே சாதிச்சிட்டீங்க மாஸ்டர். சீட்டு உங்களுக்குத்தான். இதே முறையில அடுத்த பேட்சையும் நடத்துங்க." மச்சான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தான்.

மாஸ்டர் கவசத்தைக் கழற்றினார். இத்தனை நாளாகச் சேர்த்து வைத்த பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. "இந்த பேட்சுல எல்லாரும் கொஞ்சம் மூளையுள்ள ஆளுங்க. அதான் விஷயம்," என்று தொடங்கி, தன் அனுபவம், தன் பொறுமை, மௌனமாகக் கற்பிக்கும் கலையைத் தான் கண்டுபிடித்த விதம் எல்லாவற்றையும் முதலாளிக்கு விளக்கினார். முதலாளி நைசாக நழுவியதும், லைசென்ஸ் ரசீதோடு வந்த கண்ணாடியம்மா மாட்டிக்கொண்டார்.

"நாலாவது தடவையாவது என் பேரைக் காப்பாத்தினீங்களே," என்றார் மாஸ்டர். "தாடை வலியும் சுத்தமா போயிடுச்சும்மா. அந்த டாக்டரைப் பாத்தா சொல்லுங்க, அவங்க செஞ்ச கவசம் மட்டும் இல்லேன்னா உங்களையெல்லாம் மேய்ச்சதுல என் முப்பத்திரண்டு பல்லும் தூளாகியிருக்கும்."

கண்ணாடியம்மா ரசீதை மடித்துப் பத்திரமாகக் கைப்பையில் வைத்தார்.

"உங்க பல்லுக்கு ஒண்ணுமே இல்ல மாஸ்டர். 'கத்திக் கத்தித்தான் தாடை வலிக்குது, இதைச் சொன்னா அதுக்கும் கத்துவாரேம்மா'ன்னு என் பொண்ணு பயந்தா. நான்தான், 'அப்ப வாய்க்கு நல்லதா ஒரு மூடி செஞ்சு குடுத்துடுடி'ன்னு சொன்னேன்."