அச்சுஅசலும் அறுபது கம்ப்யூட்டர்களும்

தேனி மாவட்டத்திலேயே இணையத்தோடு நேருக்கு நேர் சண்டைக்குப் போன ஒரே மனிதர் எங்கள் அச்சுஅசல்தான்.

வடுகபட்டிப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர் லேபை அவரும் நானும் பார்த்துக்கொண்டோம். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று மாணவர்களுக்கு வேண்டிய மென்பொருள்களைத் தன் இணையப் பக்கத்தில் பட்டியலாகப் போட்டிருக்கும். எங்கள் நெட் நத்தை. அதனால் தினமும் காலை ஆறு மணிக்கு அதெல்லாம் தானாகவே எங்கள் சர்வருக்கு நகலாகிவிடும். இவர் அவர்கள் பட்டியலையும் எங்கள் சர்வர் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து, வரிவரியாக ஒத்துப் பார்ப்பார். “அச்சு அசலா இருக்கணும்ப்பா!” பேரும் அதுவே ஆயிற்று.

ஒருநாளும் இருந்ததில்லை.

“சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்ட ஃபைலுக்கு மத்தியானம் பன்னெண்டரைன்னு போட்டிருக்காக. பொய்தானே?”

“அவுக சர்வர் லண்டன் நேரம் காட்டுது சார்.”

“வெள்ளைக்காரன் போயி எத்தனை வருசமாச்சு?”

இன்னொரு நாள் வரிசை மாறிவிட்டது. அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களெல்லாம் முதலில் நின்றன. இங்கே கலந்து கிடந்தன. “பெரிய எழுத்துன்னா முன்னாடி உக்காரணுமோ? இதென்ன கல்யாணப் பந்தியா?” என்று பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டார். அங்கன ஒரு ஃபைல் கூடுதே என்றும் கேட்டார். “பத்து மணிக்குத்தான் புதுசா ஏத்தினோம். உங்களுக்கு நாளைக்கு வரும்” என்றார்கள். “ஆறு மணிக்கு முன்னாடி ஏத்துனா கை தேஞ்சிருமோ?” என்றார். அதன்பின் அவர் நம்பரைக் கண்டாலே அவர்கள் எடுப்பதில்லை. என் போனிலிருந்து கூப்பிட்டார். அதையும் எடுப்பதில்லை.

செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள். அறுபது கம்ப்யூட்டரிலும் பழைய மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அச்சுஅசல் பட்டியலோடு ஓடி வந்தார்.

“புது மென்பொருள் ஃபைல் அங்கன அறுநூத்தி நாப்பது எம்பி. இங்கன அறுநூத்திப் பதினொண்ணு.”

“கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும் சார்.”

“மத்ததெல்லாம் காட்டலையே? இதுக்கு மட்டும் என்ன கேடு?”

முதல்வர் வந்து கத்தினார். “நாளைக்கு வெளியிலருந்து எக்ஸாமினர் வர்றாரு. விளையாடாதீங்க!” அச்சுஅசல் சர்வரின் நெட்வொர்க் கேபிளை உருவிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். “வேலைய விட்டுத் தூக்குங்க சார். அது முழுசா வரல.”

வீம்புக்காக அந்த ஃபைலை சர்வரிலிருந்து பென்டிரைவில் எடுத்து, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நான் போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி ஓடிப் படுத்துவிட்டது. காலையில் நகலாகும்போது கரண்ட் போயிருக்கிறது. முடியும் முன்பே நின்றதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அறுபதிலும் பழையதை அழித்திருந்தால் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

அவரே தேனிக்கு பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரில் முழு ஃபைலையும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினார். மறுநாள் தேர்வு ஒழுங்காக நடந்தது.

அதற்குப் பரிசு என்ன தெரியுமா? கேபிளை உருவியதற்காக மெமோ! ஒரு நன்றி கிடையாது. எனக்கு ரத்தம் கொதித்தது. முதல்வர் அறைக்குச் சண்டை போடப் போனால், அச்சுஅசல் எனக்கு முன்பே அங்கே நின்று கொதித்துக்கொண்டிருந்தார்.

“ஆபீஸ் ஃபைல்ல இருக்க மெமோல ரெண்டு பாரா இருக்கு சார். எனக்குக் குடுத்ததுல ஒண்ணரைதான். ஜெராக்ஸ் மெஷின் அடியை முழுங்கிருச்சு. முழு நகல் வராம கையெழுத்துப் போட மாட்டேன்!”

தேனிக்கு ஓடிய அன்று அவர் மதியம் சாப்பிடவே இல்லை என்பது பிற்பாடு பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து, அவர் ரிட்டயர் ஆகும்வரை, என் டிபன் பாக்ஸில் இரண்டு பேருக்குச் சோறு போனது.