ஒத்தவரி அண்ணன் கொடுத்த சீட்டு

சிங்கப்பூரில் கணினிக்குக் கட்டளை எழுதிப் பிழைக்கிற அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினாலும், ஒத்தவரி அண்ணனைப் போல என்னைக் கதிகலங்க வைத்தவர் ஒருவரும் தேறமாட்டார்.

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். மற்றவர்கள் எழுதும் நிரல்களில் பிழை தேடுவது என் வேலை. அண்ணனின் இயற்பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். எந்தச் சிக்கலோடு போய் நின்றாலும், ஒரே வரியில் ஒரு கட்டளையை மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இரண்டாவது வரி எழுதினால் அது கட்டுரையாம்.

கீழே உள்ள தேநீர்க் கடையிலும் அப்படித்தான். “நான் ஒண்ணும் சொல்லலைன்னா பாலும் சீனியும் இல்லாத டீ. மாத்தணும்னா மட்டும்தான் வாயைத் திறப்பேன்” என்று முதல் நாளே சொல்லிவைத்துவிட்டார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கினார். டீ வந்துவிட்டது. மறுபேச்சில்லாமல் குடித்தார். “மழைக்கு நிக்கிறதை நான் செட்டிங்ல சேர்க்கல லா. என் தப்பு.”

அழிக்கும் கட்டளை என்றால் மட்டும் வரியின் தொடக்கத்தில் கூடுதலாக ஒரு சொல் போடுவார். அது இருக்கும்வரை கணினி எதையும் அழிக்காது; எவற்றை அழிக்கப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அதைப் படித்துப் பார்த்த பிறகே அந்தச் சொல்லை எடுக்க வேண்டும்.

என் மகள் பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு. இறுதித் திட்டத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டிய நாளன்று, மார்சிலிங்கில் உள்ள எங்கள் வீட்டில் இணையம் படுத்துவிட, என் அலுவலகத்துக்கு வந்தாள். லேப்டாப்பில் இடமில்லை என்றாள். இடத்தைக் காலி செய்ய அண்ணன் ஒரு சீட்டு கொடுத்தார்.

மூன்றரைக்கு என் மேசைக்கு வந்தாள். “அங்கிள் ஒரு எக்ஸ்ட்ரா வேர்ட் போட்டுட்டாரு மா, வெறும் லிஸ்ட்தான் வந்துச்சு. நானே ஃபிக்ஸ் பண்ணி ஓட்டிட்டேன்.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். அழிக்கச் சொல்லி அதில் இருந்தது ‘வேலை’ என்ற கோப்புறையின் பெயர். அண்ணன் தன் கணினியில் அந்தப் பெயரில் குப்பையைப் போட்டு வைப்பார். என் மகள் ஆறு மாத உழைப்பை வைத்திருந்தாள். இடமில்லாததால் நகல் எடுப்பதும் நின்றுபோயிருந்தது.

“உங்க சீட்டாலதான் அண்ணே” என்று கத்திவிட்டேன்.

“ஆமா. அந்த வேர்ட் எதுக்குன்னு ரெண்டாவது வரி எழுதியிருக்கணும்” என்றார். பிறகு என் மகளிடம் திரும்பி, “எதையும் மூடாதம்மா” என்றார்.

வன்வட்டில் அழிந்துபோன கோப்புகள், திறந்தபடியே திரையில் இருந்தன. பதினான்கு. ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் சேமித்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி செத்த லேப்டாப் அது. சார்ஜர் செருகும் இடமும் தளர்ந்திருந்தது. மின்சாரம் ஒரு நொடி விட்டாலும் எல்லாம் போய்விடும்.

அண்ணன் தரையில் மண்டியிட்டு இரண்டு விரலால் அந்த முனையை அழுத்திப் பிடித்தார். பக்கத்து மேசைக்காரர் மாற்றிக்கொள்ள வந்தபோது, கை மாறினால் ஆடிவிடும் என்று விரட்டினார். மேலே அவள் சேமிக்கிறாள், சரிபார்க்கிறாள். கீழே அவர் தும்மலை அடக்குகிறார். நான் இரண்டு பேரையும் பார்க்க முடியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில் அனுப்பினாள். “போயிடுச்சு அங்கிள், விட்டுடுங்க” என்றாள்.

அவரால் விட முடியவில்லை. விரல்கள் அப்படியே இறுகிவிட்டன. என் மகள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து நீவிவிட்டாள். என் மகளின் கையைத் தவிர வேறொரு கையை நெடுநேரம் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் எனக்குத் தோன்றியது அன்றுதான்.