திங்கட்கிழமை வரவேண்டிய பெட்டி

அந்த வசந்தத்தில் மைலோ குச்செரா ஒரு சபதம் எடுத்தார். அறுபத்தெட்டு வயதில், நாற்பது வருஷக் குடித்தனத்தில், பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியமாவது செய்து முடித்துவிடுவது என்று. காரியம் ஒன்றும் பெரிசில்லை. தபாலில் இருபத்தைந்து கோழிக்குஞ்சு வரவழைப்பது. அவ்வளவுதான்.

எங்கள் நெப்ராஸ்கா பக்கம் இது புதுசில்லை. முட்டையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே குஞ்சுகளை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துத் தபாலில் சேர்த்துவிடுவார்கள். வயிற்றில் மிச்சமிருக்கிற மஞ்சள் கருவே மூன்று நாளைக்குத் தாங்கும். ஒன்றுக்கொன்று சூடு வேண்டுமே, அதனால் இருபத்தைந்துக்குக் குறைத்து அனுப்ப மாட்டார்கள். மூன்று நாள் தாண்டிவிட்டால் மட்டும் பெட்டியைத் திறக்கவே மனசு வராது.

ஏற்கெனவே வீட்டில் நாற்பத்தொரு கோழி. "இன்னொரு குஞ்சு இந்த வாசலை மிதிச்சுது, நீ அதோட கூண்டுலயே போய்ப் படுத்துக்கோ" என்று பெண்டாட்டி ஆர்டித் போன வருஷமே சொல்லிவிட்டாள். மைலோவும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். அதற்குப் பதிலாகத்தான் அவளுடைய ஒன்பது வருஷ வாத்து ஆசையை அவள் வாயெடுத்தபோதெல்லாம் வெட்டிவிடுவார். "வாத்தா? இது வீடா, சேத்துக்குட்டையா?"

ஆனால் ஜனவரியில் குஞ்சுப் பண்ணையின் விலைப்பட்டியல் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோழி. அது போடும் முட்டை சாக்லேட் நிறமாம்! மனுஷன் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு மாசம் திரிந்தார்; மார்ச்சில் ரகசியமாக ஆர்டரும் கொடுத்துவிட்டார்.

திட்டம் பிரமாதம். மே இருபத்தைந்து, திங்கட்கிழமை. அன்றைக்கு ஆர்டித் தன் அக்காவோடு பக்கத்து ஊர்க் கல்லறைக்குப் பியோனிப் பூ எடுத்துக்கொண்டு போய்விடுவாள், வருஷா வருஷம் தவறாது. குஞ்சு வெள்ளிக்கிழமை கிளம்பி, சரியாகத் திங்கள் காலை வரவேண்டும். தபாலாபீஸ்காரி லவோன், வீட்டு நம்பருக்குக் கூப்பிடாமல் அவருடைய கைபேசிக்குக் கூப்பிட வேண்டும். குஞ்சுகள் டிராக்டர் கொட்டகைக்குள் வளரும். பிறகு ஒருநாள், "அடடே, நம்ம கோழி ஒண்ணு திருட்டுத்தனமா அடைகாத்திருக்கு பாரு!" என்று சொல்லிவிடலாம். ஒரே கோழி எப்படி இருபத்தைந்து பொரித்தது என்று அவள் கேட்டால்? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை ஆர்டித் ஏன் கல்லறைக்குப் போகிறாள் என்று மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. நினைவு நாள், போரில் செத்தவர்களுக்காக ஊரே கல்லறையில் பூ வைக்கிற நாள்! மைலோவின் அப்பா காலத்தில் அது மே முப்பது. அரசாங்கம் அதைக் கடைசித் திங்கட்கிழமைக்கு மாற்றி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. மைலோ மாறவில்லை. "அரசாங்கம் மாத்தினா எங்கப்பா செத்த நாளும் மாறுமா?" என்று கேட்டுவிட்டு, ஊரே போய் வந்தபிறகு முப்பதாம் தேதி தன்னந்தனியாகக் கல்லறைக்குப் போய் நிற்பார்.

சனிக்கிழமை கொட்டகையில் சிவப்பு விளக்கைத் தேடினார். குஞ்சுக்குச் சூடு காட்டுகிற விளக்கு. காணோம். யாரைக் கேட்பது? ஆர்டித்தோ வெள்ளிக்கிழமையிலிருந்து சமையலறை ரேடியோவை அலறவிட்டுக்கொண்டிருந்தாள். "கீழறைத் தரைக்கு வார்னிஷ் அடிச்சிருக்கேன், செவ்வாய்க்கிழமை வரைக்கும் இறங்காதே" என்று வேறு சொல்லியிருந்தாள். தொல்லை விட்டது என்று மைலோ சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பாதிரியார் அறிவித்தார். "நாளை நினைவு நாள். காலை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம். வங்கி, தபாலாபீஸ் எல்லாம் விடுமுறை."

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். மைலோ விரல் விட்டு எண்ணினார். எப்படி எண்ணினாலும் மூன்று நாளைத் தாண்டியது. பாடகர் வரிசையில் ஆர்டித்துக்குப் பக்கத்தில் நின்ற லவோனை வெளிப்படிக்கட்டில் மடக்கினார்.

"லவோன், நாளைக்கு ஆபீஸ் நிஜமாவே மூடியிருக்குமா?"

"அம்பது வருஷமா மூடித்தான் இருக்கு. நீங்கதான் கவனிக்கல."

"அப்ப என் பெட்டி?"

"எந்தப் பெட்டி?"

"கீச்சுக்கீச்சுப் பெட்டிம்மா! மெதுவாப் பேசு!"

லவோன் வானத்தைப் பார்த்தாள். "இப்ப என் கையில ஒண்ணும் இல்ல, மைலோ. ஓமாஹா தபால் கிடங்குல ஆர்டித்தோட தம்பிதானே வேலை பாக்கறான்? அவகிட்டச் சொல்லிப் பாருங்களேன்."

"ஆர்டித்கிட்டயா? அதுக்கு நான் ஓமாஹாவுக்கு நடந்தே போயிடுவேன்."

பண்ணைக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, பதிவுசெய்த குரல்தான் பதில் சொன்னது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். பன்றிக்கறி வறுவல், மாவு உருண்டை, புளித்த கோஸ். ஆர்டித் ரேடியோவை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அமைதி. அந்த அமைதியில்…

"ஆர்டித், உனக்கு ஏதாவது கேக்குதா?"

"என்ன கேக்கணும்?"

"கீச்… கீச்னு…"

"காதுல அழுக்கு அடைச்சிருக்கும். கோஸ் போட்டுக்கோ."

மைலோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஐயோ, குஞ்சுகள் அங்கிருந்தே கூப்பிடுகின்றன! இருட்டுப் பெட்டியில், ஒன்றின்மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமல். இந்த மடையன் தேதியைப் பார்க்காததால்! பாவம், நல்ல மனுஷன். மாவு உருண்டைமேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தே விட்டது.

"ஆர்டித், நான் ஒரு பாவி."

"அது தெரிஞ்ச கதைதானே. புதுசா என்ன?"

கொட்டிவிட்டார். தொப்பிக்குள் இருந்த பன்னிரண்டாம் பக்கத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "உன் தம்பிக்கு ஒரு போன் போடு. பெட்டியை இன்னிக்கே வெளியே எடுத்துடணும். என்னைத் திட்டு, கூண்டுல படுக்கச் சொல்லு, படுக்கறேன். அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? உனக்கு என்ன வேணும்னாலும் கேளு!"

"என்ன வேணும்னாலுமா?"

"என்ன வேணும்னாலும்."

"வாத்து."

மறுபடியும் கீச்சென்றது. "சரி. ரெண்டு வாங்கிக்கோ."

"மைலோ."

"அஞ்சு!"

"மைலோ…"

"பத்து! பத்து வாத்து! போதுமா, தாயே?"

"போதும். உங்கம்மா படத்தைப் பாத்துச் சொல்லு."

சுவரில் இருந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார். ஆர்டித் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, எழுந்துபோய், கீழறைக் கதவைத் திறந்தாள். வார்னிஷ் வாசனையே இல்லை. கோழித்தீவன வாசனை. படிக்கட்டின் அடியில் அவருடைய சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் கீழே, மரத்தூள் படுக்கையில், இருபத்தைந்து கறுப்புக் குஞ்சுகள் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"வெள்ளிக்கிழமை காலையிலயே வந்தாச்சு. நீ வயல்ல சோயா விதைச்சுட்டிருந்தே. லவோன் எனக்குக் கூப்பிட்டா."

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்குத்தானே கிளம்பணும்?"

"மார்ச்சுல பண்ணைக்காரப் பொண்ணு வீட்டு நம்பருக்குப் போன் பண்ணினா. 'நீங்க கேட்ட தேதி லீவு நாள்ல விழுதே, குஞ்சு தாங்காதே'ன்னா. நான்தான் முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். விட்டிருந்தா செத்திருக்கும், மைலோ. இருபத்தஞ்சும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்கிட்ட நீ ஏன் சொல்லல?"

மைலோவுக்குக் கோபம் வரவில்லை. மண்டியிட்டு ஒரு குஞ்சைக் கையில் எடுத்தார். அது அவருடைய கட்டை விரலைக் கொத்தியது. உயிரோடு இருக்கிறதே, அது போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்டித்தும் அவர் தோளில் கை வைத்தாள். "அழுமூஞ்சி" என்றாள் பிரியமாக.

அப்போதுதான் முழங்கால் ஈரமாவது தெரிந்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். மஞ்சளாக, தட்டை மூக்கோடு, தண்ணீர்த் தட்டில் ஏறி நின்று கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. எண்ணினார். பத்து.

"இது… இது எப்படி வந்துது?"

"அதே பெட்டியிலதான். இன்னும் பத்துக்கு இடம் இருக்குன்னு அந்தப் பொண்ணு சொன்னா."

"நான் இப்பத்தானே சம்மதிச்சேன்!"

"நீ மார்ச்சுலயே சம்மதிச்சுட்டே, மைலோ. உனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது."